நான் போட்ட ரோடு

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வாக்கில், பாப்பாரப்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊர் ஓடையில் மொத்தம் ஐந்து பேர் இருந்தோம். பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், அவருடைய அப்பா, அவர்கள் வாடகைக்குப் பிடித்து வந்த காரின் டிரைவர், ஆடு மேய்க்க வந்த எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவர், அப்புறம் நான். காரின் முன் சக்கரம் இரண்டும் ஈர மணலில் பாதிவரை புதைந்திருந்தன. அந்தக் கார் அங்கே வந்து இறங்கியதற்கு யார் காரணம் என்பது ஐந்து பேரில் ஒருவனுக்குத்தான் தெரியும். அது நான். அதைச் சொல்வதற்கு முன்னால், அதற்கு முந்தைய ஒரு வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு வராமல் இல்லை, பயம்தான். பன்னிரண்டாவது பொதுத்தேர்வுக்கு ஒன்பதாவதிலேயே நாள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் அந்தத் தேர்வே எழுத வேண்டாம் என்று யாரோ சொன்னார்கள். மறு யோசனை இல்லாமல் சேர்ந்துவிட்டேன். கம்ப்யூட்டர் டிப்ளமோ, மூன்று வருடம். கல்லூரி என்று எனக்கு வாய்த்தது அதுதான்.

முடித்ததும் கூடப் படித்தவர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்குமாகப் போனார்கள். நானும் ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போனேன். பதினோரு நாள் இருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. யாரும் திட்டவில்லை. வரிசையாக வரும் அட்டைப் பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. காலையில் ஒட்டின ஸ்டிக்கர் கோணலாகப் போயிருக்குமோ என்று ராத்திரி ரூமில் படுத்துக்கொண்டு யோசிப்பேன். அந்தப் பெட்டி இந்நேரம் எந்த லாரியில் போகிறதோ, யார் பிரித்துப் பார்க்கிறார்களோ என்று தூக்கம் வராது. பன்னிரண்டாம் நாள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் அப்பாவும் அம்மாவும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் காலையில் காட்டு வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். பகல் முழுக்க வீட்டில் நானும் ஃபேனும்தான். கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஆரம்பத்தில் நாளைக்கு நூறு மெசேஜ் வரும். அப்புறம் அதெல்லாம் ஷிஃப்டு, பி.எஃப்., ரூம் வாடகை என்று மாறியது. அந்தப் பேச்சில் சேர என்னிடம் ஒன்றும் இல்லை. ஏதாவது டைப் செய்வேன். அனுப்புவதற்கு முன் மூன்று தடவை படிப்பேன், அழித்துவிடுவேன். கொஞ்ச நாளில் குரூப்பே அடங்கிப்போய், யாருக்காவது பிறந்தநாள் வந்தால் மட்டும் கேக் படம் வந்தது. என் பிறந்தநாளுக்கு மூன்று கேக் வந்தன. அன்று முழுக்க அந்த மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. காலண்டர் தாளின் பின்பக்கம் இல்லாத ஊர்களை வரைவேன். ஏரி, பஸ் ஸ்டாண்டு, எந்தத் தெருவில் எந்தக் கடை, எத்தனாம் நம்பர் பஸ் எத்தனை மணிக்கு எங்கே நிற்கும் என்று எல்லாம் இருக்கும். ஆட்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். வேலை இல்லாத அந்த வருடத்தில் பழைய காலண்டரை எல்லாம் எடுத்து மறுபடி வரைய ஆரம்பித்தேன். அப்போதுதான் இணையத்தில், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஒரு இலவச வரைபடம் இருப்பது தெரிந்தது. எங்கள் ஊரைத் தேடிப் பார்த்தேன். ஒரு புள்ளி, பக்கத்தில் பெயர். சுற்றிலும் வெறும் வெள்ளை. பார்க்க என்னவோ போலிருந்தது. நாங்கள் இத்தனை குடும்பமும் அந்த வெள்ளைக்குள்தான் இருந்தோம்.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. மேலிருந்து எடுத்த போட்டோ ஒன்று திரையில் இருக்கும். அதன் மேல் கோடு போட்டு, இது தெரு, இது கிணறு, இது ரேஷன் கடை என்று எழுத வேண்டும். காசு கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் சேமித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், உலகம் முழுக்கத் தெரிகிற வரைபடத்தில் எங்கள் தெரு இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது யாரிடமாவது காட்ட வேண்டும் என்று போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாசலில் யாரும் இல்லை. அம்மா வந்ததும் காட்டினேன்.

"இதுல நம்ம வூடு எங்கடா?" என்றார்.

காட்டினேன்.

"வூட்ல உக்காந்துக்கினு வூட்டையே பாக்கறதுக்கு ஒரு போனா?" என்று சொல்லிவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போய்விட்டார்.

முதல் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக நடந்துபோய்ப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் போட்டேன். பக்கத்து ஊர்களுக்குக்கூட அப்பாவின் மொபெட்டில் போய்த் தெருத் தெருவாக இறங்கி நடப்பேன். ஆனால் பகலில் நடந்தால் எதிரில் வருகிறவர்கள் சும்மா விட மாட்டார்கள். "என்னா தம்பி, ஒண்ணும் அமையலையா?" என்பார் ஒருவர். "ஓசூரு ஒத்துக்கலயாமே?" என்பார் இன்னொருவர். டீக்கடையில் நான்கைந்து பேர் இருந்தால் அந்தப் பக்கமே போக முடியாது. எல்லாரும் அக்கறையில்தான் கேட்டார்கள், இப்போது புரிகிறது. அப்போது ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நாள் சோறு இறங்காது. அதனால் நடப்பதை விட்டுவிட்டேன். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, போட்டோவில் என்ன தெரிகிறதோ அதைப் பார்த்தே கோடு போட ஆரம்பித்தேன்.

அப்படிப் போட்டதுதான் அந்த ஓடைப் பாதை. ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர்க் காடுகளுக்குப் போகும் வண்டித்தடம். அந்தப் பக்கம் அடுத்த ஊருக்குப் போகும் மண் பாதை. கோடைக் காலத்தில் டிராக்டர்கள் ஓடையில் இறங்கிக் கடந்து போகும். போட்டோவும் கோடையில் எடுத்தது. காய்ந்த மணல் வெள்ளை வெளேரென்று, தார் போடாத நல்ல ரோடு மாதிரியே தெரிந்தது. அந்த வரைபடத்தில் டிராக்டர் தடம் என்று குறித்தால் மெல்லிய புள்ளிக்கோடாகத்தான் வரும். ரோடு என்று குறித்தால் தடித்த கோடாக வரும். எனக்குத் தடித்த கோடு பிடித்திருந்தது. ரோடு என்றே குறித்தேன். பெயர் கேட்டது. அதற்குப் பெயரே கிடையாது. நானாக "ஓடைக்காட்டு ரோடு" என்று வைத்தேன். ரொம்ப அழகாக இருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு குறிப்பு வந்தது. எந்த ஊர்க்காரரோ தெரியாது, இப்படிப் போடுகிறவர்களின் வேலையைச் சரிபார்க்கிற ஒருவர். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உங்கள் ஊரை அருமையாகப் போட்டுவருகிறீர்கள், நன்றி என்று முதல் வரி. அந்த ஒரு வருடத்தில் என்னை ஒருவர் பாராட்டியது அது ஒன்றுதான். அதற்குக் கீழே, இந்த இடத்தில் ஓடை குறுக்கே போவதுபோல் தெரிகிறதே, நேரில் பார்த்தீர்களா, கார் போகுமா என்று கேட்டிருந்தார்.

வீட்டிலிருந்து ஓடைக்குப் பத்து நிமிட நடை. நடுவில் டீக்கடை இருந்தது.

"பார்த்தேன், போகும்" என்று பதில் எழுதிவிட்டேன்.

இது நடந்து ஐந்தாறு மாதம் இருக்கும். நான் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் அம்மாவும் அதியமான்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கல்யாணத்தில் எத்தனை பேர் என்னென்ன கேட்பார்கள் என்று நினைத்து நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன். காட்டில் மோட்டார் போட ஆள் வேண்டுமே, அதனால் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். மொபெட் என்பதால் டீக்கடையில் தலையைத் திருப்பாமல் கடந்துவிட்டேன். மோட்டார் போட்டுவிட்டு நிற்கும்போதுதான் ஓடைப் பக்கம் ஒரு கார் சக்கரம் ஒரே இடத்தில் நின்று அலறுகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால் நான் முதலில் சொன்ன காட்சி. இரண்டு நாள் முன்பு மழை பெய்து, ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அதைவிட மோசம், போன மழைக்காலத்தில் கரையின் ஒரு பக்கம் அறுத்துக்கொண்டு போயிருந்தது. காரை இறக்கலாம், ஏற்ற முடியாது. அந்தப் பெண் முழங்கால்வரை சேறோடு பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதை மட்டும் நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

ஆட்டுக்காரப் பெரியம்மா கரையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "காரை எதுக்குப்பா ஓடையில எறக்கிக் குளிப்பாட்டறீங்க? எந்தக் கூறுகெட்டவன் சொன்னான் இதுல ரோடு போவுதுன்னு?"

"மெயின் ரோட்ல பாலம் வேல நடக்குதும்மா, சுத்திப் போவச் சொன்னாங்க. இது மூணு கிலோமீட்டர் கம்மியாக் காட்டுச்சு" என்றார் டிரைவர். "சிக்னல் இல்லாத எடத்துல இந்த மேப்பு ஒண்ணுதான் வேல செய்யும். இந்தாங்க, நீங்களே பாருங்க."

பெரியம்மாவுக்குக் காட்டப்போனவர் என்னைப் பார்த்ததும் என் பக்கம் நீட்டினார். தடித்த கோடு. அதன் மேல் "ஓடைக்காட்டு ரோடு" என்று எழுதியிருந்தது. உலகத்தில் வேறு எவரும் அந்தப் பெயரைச் சொன்னது கிடையாது.

அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். கை கூப்பாத குறைதான். "தம்பி, பொண்ணுக்குக் குரூப் ஃபோர் பரீட்சைங்க. பென்னாகரத்துல சென்டரு. ஒம்பது மணிக்குக் கேட்டை மூடிருவாங்க. ரெண்டு வருசமா இதுக்குன்னே படிக்குதுங்க. எதாச்சும் வழி இருக்குதுங்களா?"

மணி எட்டு இருபது. டிராக்டர் பிடித்துக் காரை இழுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். என் மொபெட்டில் பின்னால் ஒருவர்தான் உட்கார முடியும். மொபெட்டைக் கை காட்டினேன். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முன்பின் தெரியாதவனோடு எந்த அப்பாதான் உடனே அனுப்புவார்?

பெரியம்மாதான் பேசினார். "யோசிக்காத சாமி. எங்கூருப் பையந்தான். சரியான பயந்தாங்கொள்ளி. இவனால ஒரு ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் வராது. தைரியமா அனுப்பு."

அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் பெண் அப்பாவின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நேரமாவுதுப்பா" என்று சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறிவிட்டார். ஒரு செருப்பு சேற்றில் போயிருந்தது. இன்னொன்றைக் கழற்றி முன்னால் இருந்த கூடையில் போட்டார்.

பென்னாகரம் போக எனக்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, ஊர் வழியாகத் திரும்பி, சுற்றிக்கொண்டு போவது. இன்னொன்று, கொஞ்ச தூரத்தில் பிரிந்து ஒரு புளியந்தோப்பு வழியாகக் குறுக்கே போவது. அதில் பத்து நிமிடம் மிச்சமாகும். பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

"ஏங்க நின்னுட்டீங்க?"

அந்தக் குறுக்கு வழியையும் நான்தான் வரைபடத்தில் போட்டிருந்தேன். அதையும் நடந்து பார்த்ததில்லை. தோப்புக்கு அந்தப் பக்கம் வேலி போட்டிருக்கலாம், கேட் பூட்டியிருக்கலாம், எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக எங்கள் பகுதி முழுவதையும் என் உள்ளங்கைக்குள் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் என்னால் நம்பிப் போக முடிந்தது நான் காலால் நடந்த தெருக்களில் மட்டும்தான்.

"சுத்து வழியில போயிடலாங்க. மன்னிச்சுக்குங்க" என்று வண்டியைத் திருப்பினேன்.

அப்புறம் பெரிதாகப் பேச்சு இல்லை. வேகத்தடையில் தூக்கிப் போட்டது, மன்னிப்புக் கேட்டேன். மாட்டு வண்டி ஒன்று வழி விடவில்லை, அதற்கும் மன்னிப்புக் கேட்டேன். ரேஷன் கடைச் சந்து, பள்ளிக்கூடத்துப் பின்தெரு, பால் சொசைட்டி முக்கு என்று நான் நடந்து குறித்த ஒவ்வொரு இடமாக வந்தது. எந்த முக்கில் மணல் கொட்டிக் கிடக்கும், எங்கே இடது ஓரமாகப் போனால் குழி இருக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மொபெட் முக்கி முக்கிப் போனது. அவர் பின்னாலிருந்து ஒரு தடவைகூட மணி என்ன என்று கேட்கவில்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். முதலில் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கவனித்துக் கேட்டபோது வருடங்களும் பெயர்களும் காதில் விழுந்தன, படித்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூட வாசலை எட்டியபோது ஒரு கதவை ஏற்கெனவே மூடியிருந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வண்டி நிற்பதற்குள் குதித்து, வெறும் காலோடு, சேறு காய்ந்து பாளம் பாளமாக உதிர ஓடினார். கதவிடுக்கில் நுழைந்ததுதான் கடைசியாகத் தெரிந்தது. பின்னாலேயே கதவு மூடியது.

வண்டியை ஓரமாக ஸ்டாண்டு போட்டேன். திரும்பிப் போயிருக்கலாம், முடியவில்லை. கூடையில் அந்த ஒற்றைச் செருப்பு இருந்தது. எதிரில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் பரீட்சை எழுதுகிறவர்களின் அப்பாக்கள், அண்ணன்கள், கைக்குழந்தையோடு கணவன்கள். எல்லாருக்கும் உள்ளே ஒரு ஆள் இருந்தது. என்னிடமும் ஒருவர், "உள்ள யாருங்க, தங்கச்சியா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவைத்தேன். யாருமில்லை, நான் வழியை மாற்றிவிட்டவன் என்று சொல்லவா முடியும்? உள்ளே அவர் ஈரப் பாவாடையோடு, சேற்றுக் காலோடு உட்கார்ந்து எழுதுவது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. கண்காணிப்பாளர் ஏதும் சொல்லியிருப்பாரோ, பேனா நனைந்திருக்குமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தே கால் வாக்கில் அவருடைய அப்பா காரில் வந்து இறங்கினார். பக்கத்துக் காட்டு டிராக்டர் வந்து இழுத்துவிட்டதாம். பெரியம்மாவும் சேர்ந்து தள்ளினாராம். மகள் உள்ளே போய்விட்டாள் என்று சொன்னதும் அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் இரண்டு போண்டா வாங்கிக் கையில் திணித்தார்.

"தம்பி என்னா பண்றீங்க?"

ஒரு வருடமாக எந்தக் கேள்விக்குப் பயந்து வீட்டுக்குள் கிடந்தேனோ அதே கேள்வி. அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"சும்மாதாங்க இருக்கேன்."

"நல்லதாப் போச்சு போங்க" என்று சிரித்தார். "வேலைக்குப் போறவனா இருந்தா இந்நேரம் அசந்து தூங்கியிருப்பான், இல்ல ஓவர்டைம்னு போயிருப்பான். நீங்க சும்மா இருந்ததாலதான் எம்பொண்ணு உள்ள உக்காந்திருக்குது."

நான் சும்மா இருந்ததைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் நான் தகுதியில்லாமல் வாங்கிக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். ஐயா, அந்த ரோடு நான் போட்டது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர் வேறு ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவார். இல்லை, உண்மையைச் சொல்கிறேன், அவர் பேசாமல் இருந்தபோதும் நான் சொல்லவில்லை. போண்டாவை மென்றுகொண்டிருந்தேன்.

பன்னிரண்டரைக்கு அந்தப் பெண் வெளியே வந்தார். "எழுதியிருக்கேன்ப்பா" என்றார், அவ்வளவுதான். என்னைப் பார்த்து ஒரு நிமிடம் ஏதோ கேட்கப்போகிறவர் மாதிரி நின்றார். கேட்கவில்லை. கூடையிலிருந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு, "தேங்க்ஸ்ங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அப்பா என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வரைபடத்தில் இருந்த அந்தக் கோட்டை அழித்தேன். அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அந்தச் சரிபார்க்கிறவருக்கு, "நான் நேரில் பார்க்கவில்லை, பொய் சொன்னேன். இன்று ஒரு கார் மாட்டிக்கொண்டது" என்று எழுதினேன். திட்டுவார் என்று இரண்டு நாள் போனைத் திறக்கவே பயமாக இருந்தது. திட்டவில்லை. சொன்னதற்கு நன்றி, பார்க்காமல் போட்டவை இன்னும் எத்தனை இருக்கின்றன என்று மட்டும் கேட்டிருந்தார். எண்ணினேன். நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்றையும் நடந்தேன். முழுக்கப் பகலில். டீக்கடை வழியாகத்தான் போனேன், வேறு வழி கிடையாது. "என்னா தம்பி, ஒண்ணும் அமையலையா?" என்றார்கள். "இன்னும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கூட வர யாரும் இல்லை. அந்தப் புளியந்தோப்புக் குறுக்கு வழிக்கும் போனேன். தோப்பின் மறுகோடியில் ஆளுயரத்துக்கு முள்வேலி இருந்தது. அங்கேயே நின்று அந்தக் குறுக்கு வழியையும் வரைபடத்திலிருந்து அழித்தேன்.

பழைய வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்திருப்பவர்களுக்கு நான் அழித்தது தெரியாதே என்று அடுத்த கவலை. ஒரு தகரத்தை எடுத்து, "இது ரோடு இல்லை. கார் போகாது" என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி, ஓடைக்கு முன்னால் கம்பு நட்டுக் கட்டினேன். இரண்டு நாள் கழித்து ஆட்டுக்காரப் பெரியம்மா வழியில் மடக்கினார்.

"பலகை நீதான் வெச்சியாமே? என் ஆடுங்களுக்குப் படிக்கத் தெரியாதுடா. அதுங்க பாட்டுக்குப் போவுது."

"காருக்குதான் பெரியம்மா."

"அன்னிக்கு வந்த காருதான். அதுக்கப்பறம் எந்தக் காரு வந்துச்சு இங்க?" என்று சிரித்துவிட்டுப் போனார். ஆனால் கம்பு சாய்ந்தால் அவர்தான் கல் வைத்து நிமிர்த்திவிடுகிறார். பார்த்திருக்கிறேன்.

அடுத்த பொங்கலுக்கு அந்த அப்பாவிடமிருந்து போன் வந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டார். ரிசல்ட் வந்துவிட்டதா என்று நான்தான் கேட்டேன். "வந்துச்சுங்க தம்பி. கட் ஆஃபுக்கு மூணே மூணு கேள்வி கம்மி. போவட்டும், மறுக்கா எழுதுது. இருங்க, பாப்பாகிட்டத் தர்றேன்."

அந்தப் பெண்ணின் குரல் கேட்டதும் எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வாழ்த்துகூடச் சொல்லாமல், "அந்த ரோட்டை மேப்புல போட்டது நாந்தாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் நடக்கிற சத்தம் கேட்டது. அப்பாவை விட்டுத் தள்ளி வருகிறார் போல.

"தெரியுங்க" என்றார்.

"எப்படிங்க?"

"வண்டியில போறப்ப ஒம்பது தடவ மன்னிச்சுக்குங்கன்னு சொன்னீங்க. கார எறக்குனது டிரைவரு. லேட்டாக் கெளம்புனது எங்கப்பா. வழியில போறவரு எதுக்கு நம்மகிட்ட மன்னிப்புக் கேக்கறாருன்னு ஹால்ல உக்காந்து யோசிச்சேன். அப்பறம் டிரைவர் போனைக் காட்டுனப்ப உங்க மூஞ்சி போன போக்கு ஞாபகம் வந்துச்சு."

மறுபடியும், "மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"பத்து" என்று சிரித்தார். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. ஊரெல்லாம் உங்களப் பத்திதான் சொல்லிக்கினு இருக்காரு. அதக் கெடுக்காதீங்க."

"அந்த மூணு கேள்வி..." என்று இழுத்தேன்.

"அது எனக்கு நெசமாவே தெரியாததுங்க. நீங்க ஒண்ணும் அதுக்குப் பொறுப்பு இல்ல" என்று சொல்லிவிட்டு, அப்பா கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டார்.

இப்போது நான் பாப்பாரப்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் தனியாகத்தான் நடக்கிறேன், நடந்து பார்த்ததை மட்டும் வரைபடத்தில் போடுகிறேன். அந்த அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிட்டு நன்றி சொல்கிறார், ஒவ்வொரு வருடமும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறேன். ஹாலில் உட்கார்ந்து என் மன்னிப்புகளைப் பற்றி அந்தப் பெண் யோசித்த அந்தச் சில நிமிடங்களில் எத்தனை கேள்விக்கு விடை எழுதியிருக்கலாம் என்ற கணக்கு மட்டும் எனக்கு முடியவே இல்லை. நான் பொறுப்பில்லை என்று அவர் எவ்வளவு சொன்னாலும், அவருக்கு நான் இன்னும் தர வேண்டியிருப்பது மூன்று கேள்விகள்.